குற்றவாளி வேடத்துக்கு ஆளில்லை

ரோமாபுரியில் அன்றைக்கு எல்லோரும் நீதிபதி.

எங்கள் கடை மாடியில், விற்காத கம்பளி மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே ஏரி இல்லை. ஏரி இருந்த இடத்தில் மேகம் படுத்திருந்தது. "யாருக்கு என்ன வேசம் வேணுமுங்க, சொல்லுங்க" என்றேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஆறுமுகம், நான் கேட்டு முடிப்பதற்குள் "நீதிபதி" என்றார். தையல்காரர் முபாரக்கும் நீதிபதி. பழக்கடை லட்சுமியக்கா, "எனக்கும் அந்த வேலதானுங்க. காலு வலிக்குது, உக்காந்துட்டே இருக்கலாமல்ல" என்றார்.

வந்திருந்த அத்தனை பேரும் தீர்ப்புச் சொல்லத் தயார். யாருக்குச் சொல்வது என்பதுதான் சிக்கல். கூண்டில் நிற்க ஓர் ஆள் கிடைக்கவில்லை.

ஸ்வெட்டர் விற்காத மாதங்கள்

இந்தப் பக்கத்தை முதல் தடவையாகப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரிக்குப் போகும் சாலையில் எங்களுடையது ஸ்வெட்டர், சால்வை, கம்பளிக் கடை. என் வீட்டுக்காரர் பஷீர் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வார். ஜமீலாவாகிய நான் அவரைப் பார்த்துக்கொள்வேன்.

மழை பிடித்துக்கொண்டால் ஏற்காட்டில் குளிர் இருக்கும், ஸ்வெட்டர் வாங்க ஆள் இருக்காது. அந்த மாதங்களில் புதன்கிழமை மதியம் நாங்கள் சிலர் மாடியில் கூடிப் புத்தகம் படிப்போம். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் வேர்க்கடலை கொறித்தபடி கேட்பார்கள். பஷீர் இதில் உறுப்பினர் இல்லை. "கதவு பூட்டத்தான் வந்தேன்" என்று சொல்லிப் படியோரம் உட்காருவார். கடைசிப் பக்கம் வரை எழுந்திருக்க மாட்டார்.

இரண்டு மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் ரோமாபுரியின் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சுகன்யா வந்து சேர்ந்தாள். சேலத்திலிருந்து மாற்றலாகி இங்கே பேங்க் வேலைக்கு வந்த பெண். ஃபோனில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து கதை நடத்துவது அவளுக்குப் பொழுதுபோக்கு. ஒருவர் "நான் ராணி" என்று எழுதுவாராம். இன்னொருவர் "நான் உங்கள் அரண்மனைச் சமையல்காரன், இன்று சாம்பாரில் உப்பு அதிகம்" என்பாராம். கதை அங்கிருந்து கிளம்பிவிடுமாம்.

"படிச்சது போதும்க்கா. ரோம்ல நடக்கற ஒரு வழக்க நாமளே நடத்திப் பாக்கலாம்" என்றாள் சுகன்யா. "வசனம் எழுதிக்கக் கூடாது. அவங்கவங்க வேஷத்துல நின்னு, வாய்க்கு வர்றதப் பேசணும். ஒரே ஒரு விதி. ஒருத்தர் ஒண்ணு சொல்லிட்டா அது நடந்ததுதான். இல்லவே இல்லன்னு மறுக்கக் கூடாது. அத ஒத்துக்கிட்டு, அதுக்கு மேல கட்டணும்."

"அப்பறம் குத்தவாளி எப்படீங்க தப்பிக்கறது?" என்றார் தபால்காரர்.

"குற்றவாளி இல்லீங்க, குற்றம் சாட்டப்பட்டவர். எப்படித் தப்பிக்கறதுங்கறதுதான் விளையாட்டே."

வழக்கையும் அவளே சொன்னாள். ரோமுக்கு வெளியே ஒரு மலையில் மார்க்கஸ் என்று ஒரு விவசாயி. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் காளை காணாமல் போகிறது. அது மார்க்கஸின் கொட்டகையில் புல் தின்றுகொண்டிருக்கிறது. மார்க்கஸ் திருடினானா, இல்லையா?

யாருக்கு எது பொருந்தும்

வேடம் பிரித்துக் கொடுக்கிற வேலையை என் தலையில் கட்டினார்கள். ஆட்களைத் தெரிந்தவள் நான்தானாம். தெரிந்திருந்ததால்தான் கஷ்டம்.

குற்றம் சாட்டுகிறவர் யார் என்பதில் குழப்பமே இல்லை. எஸ்டேட்டில் தினமும் வேலையாட்களுக்குப் பேர் பதிகிற ரைட்டர் ரோஸ்லின் கையைத் தூக்கிவிட்டாள். "தெனமும் அதத்தானக்கா பண்றேன்" என்றாள். விசாரணையை நடத்துகிற தலைமை அதிகாரியாகச் சுகன்யா. நீதிபதி ஆசைக்காரர்களை எல்லாம் ஜூரிகளாக்கி ஒரே பாயில் உட்காரவைத்தேன். ரோமில் வக்கீல்களுக்கு நேரம் அளக்கத் தண்ணீர்க் கடிகாரம் வைப்பார்களாம். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

மார்க்கஸ் மட்டும் மிச்சம்.

"நீங்க நில்லுங்களேன்" என்று முபாரக்கைக் கேட்டேன். "எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா என்னத்தச் சொல்றது?" என்றார். லட்சுமியக்கா, "வெளையாட்டுக்குன்னாலும் திருடின்னு ஒரு வார்த்த வருமல்லங்க" என்று புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். தபால்காரர் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் மாடிப் படியில் குடை உதறும் சத்தம் கேட்டது. "நான் வேணா நிக்கறனுங்க" என்று ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். சின்னண்ணன். மாரமங்கலத்தில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் விவசாயி. கணுக்கால் வரை செம்மண். கடைசிப் படியில் ஒரு காலை வைத்தவர், அங்கே என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

பஷீர் வேர்க்கடலைத் தோலை ஊதினார். அண்ணாந்து பார்க்கவில்லை.

நான் ரோஸ்லினைப் பார்த்தேன். அவள் என்னைத் தவிர எல்லோரையும் பார்த்தாள். பஷீர் சரக்கெடுக்கச் சேலம் போயிருக்கிறார் என்று சொல்லி அந்த மனிதரை வரவழைத்தவள் அவள்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

தோளில் சுமந்த கடை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பஷீருக்குக் கடை வருவதற்கு முன்னால் தோள்தான் கடை. போர்வைகளை அடுக்கிச் சுமந்துகொண்டு மலைக் கிராமங்களுக்கு நடந்தே போய் விற்பார். ஒரு நாள் மாரமங்கலத்தில் மழை பிடித்துக்கொள்ள, ஒதுங்கிய வீடு சின்னண்ணனுடையது. அவர் மனைவி ராசம்மா சுடச்சுடச் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டிருக்கிறார். சாப்பிட்டு முடித்த பஷீர், நன்றிக்கு ஒரு போர்வையை நீட்டியிருக்கிறார். "இதக் குடுத்துப்போட்டு நீ என்னத்தப் போத்திக்குவ சாமி?" என்று ராசம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அன்றைக்குப் பிடித்த சிநேகம்.

எனக்கு முதல் பிரசவ வலி எடுத்ததும் ஒரு மழை நாளில்தான். சின்னண்ணன் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். என் தலை ராசம்மாவின் மடியில். சேலம் போய்ச் சேரும் வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் கத்துவேன். எனக்குத் துணையாக ராசம்மாவும் கத்துவார். முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்களும் எங்களை விடச் சத்தமாக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு வந்தார்கள்.

ராசம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த வருடம் அவர்கள் மகள் செல்விக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு எங்களுக்கு வந்த அழைப்பு ஃபோனில் வந்தது. இரண்டு பக்கமும் ரோஜாப்பூ போட்ட ஒரு படம். அதற்குப் பின்னால் ஒரு பேச்சும் இல்லை.

"வருவாரு. நேர்ல வருவாரு" என்று பஷீர் சொல்லிக்கொண்டிருந்தார். வரவில்லை. "காலை வணக்கம்னு பூப்படம் அனுப்பறாப்ல எனக்கு அழைப்பா?" என்று அவர் போகவில்லை. அங்கே சின்னண்ணன், தாலி கட்டும் வரை மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "என்ற பொண்ணு கல்யாணத்துக்கு அவரு வரலீங்களே" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாராம்.

அதோடு பேச்சு நின்றது. அவர் டவுனுக்கு வந்தால் எங்கள் கடை வரும்போது சாலையின் எதிர்ப்பக்கம் மாறிக்கொள்வார். இவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஸ்வெட்டர் மடிப்பார்.

வக்கீலைக் கூப்பிடுங்க

இது எதுவும் தெரியாத சுகன்யாவுக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். "வாங்க வாங்க, நீங்கதான் மார்க்கஸ்! உங்களுக்காகப் பேச ஒரு வக்கீல நீங்களே கூப்பிடணும். ரோம்ல அப்படித்தான்" என்றாள்.

தபால்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். சின்னண்ணன் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு ஈரக் குடையைத் தூக்கிப் படியோரம் காட்டினார்.

"அவரு பேசட்டுமுங்க."

கடலைத் தோல் ஊதும் சத்தம் நின்றது. "என்னய எதுக்காம்?" என்று பஷீர் என்னைக் கேட்டார். அவரை அல்ல.

சின்னண்ணனும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. சுகன்யாவிடம் சொன்னார். "அம்மணி, இந்த மலையில நடுவெயில்ல கம்பளி வித்த ஆளு அவரு ஒருத்தருதானுங்க. காளை என்ற கொட்டாய்லயே இருக்குது. என்னயக் காப்பாத்தறதுன்னா அந்த வாயாலதான் ஆவும்."

மாடியே சிரித்தது. பஷீரின் காது மடல் சிவந்துபோனதை நான் பார்த்தேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் மறுபடியும் என்னைத்தான் கேட்டார்.

"அந்த ரோமாபுரி வேட்டி எத்தன முழமாம், கேளு."

மார்க்கஸ் பேசறனுங்க

விசாரணை அடுத்த புதன்கிழமை. இரண்டு நாள் எதுவும் நடக்கவில்லை. வக்கீலும் கட்சிக்காரரும் பேசிக்கொள்ளாமல் எப்படி வழக்கு நடக்கும் என்று எனக்குக் கவலை. பஷீர், "அந்தாளுகிட்ட காளை என்ன நிறம்னு கேட்டுச் சொல்லு" என்று என்னைத் தூது போகச் சொன்னார். "வக்கீல் பீஸ் எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டேன். ஸ்வெட்டர் மடிக்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் அவர் ஃபோன் அடித்தது. திரையில் சின்னண்ணன் பேர். அழிக்காமல் வைத்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அது அடித்து ஓயப்போகிற சமயத்தில் எடுத்தார்.

"யாரு?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழைச் சத்தம்தான். பிறகு, "மார்க்கஸ் பேசறனுங்க" என்று கேட்டது.

பஷீர் என்னைப் பார்த்தார். நான் சால்வைக்கு விலைச்சீட்டு ஒட்டுவதில் மும்முரமாக இருந்தேன். அவர் தொங்கும் ஸ்வெட்டர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"சொல்லு மார்க்கஸ்."

அதற்கப்புறம் தினமும் பேச்சுத்தான். சண்டை பஷீருக்கும் சின்னண்ணனுக்கும். மார்க்கஸுக்கும் அவன் வக்கீலுக்கும் ஒரு தகராறும் இல்லையே! "காளை தானா வந்துச்சுன்னு சொல்லலாமா?" "வேலி எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு?" "ரோமுல குத்தம் சாட்டப்பட்டவன் அழுக்குத் துணியோட, செரைக்காத மூஞ்சியோட வருவானாம். அப்பத்தான் பாக்கறவங்களுக்கு எரக்கம் வருமாம். நீ தாடி உடு, மார்க்கஸ்."

ஒரு நாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே, "மார்க்கஸுக்கு இருமல் நொம்ப இருக்குது. காட்டுல மழைல நிக்கறான்" என்றார். யாருக்கோ சொல்வது போலச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

விசாரணை

புதன்கிழமை வந்தது. முபாரக் எல்லோருக்கும் வெள்ளை வேட்டியைத் தோள் வழியாகச் சுற்றிவிட்டார். எனக்கு ஹஜ்ஜுக்குக் கிளம்பிய கூட்டம் மாதிரி இருந்தது. லட்சுமியக்காவுக்கு, "எழவு ஊட்டுல தண்ணி ஊத்திட்டு வந்தாப்ல" இருந்ததாம். மார்க்கஸ் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்டு, வெள்ளைத் தாடியும் காப்பிக் காட்டுச் சேறுமாக வந்திருந்தார். உண்மையிலேயே இரக்கமாகத்தான் இருந்தது.

அடியில் ஓட்டை போட்ட பாட்டிலை வாளிக்கு மேலே தொங்கவிட்டு நான் நேரம் அளந்தேன்.

ரோஸ்லின் எழுந்தாள். காளையின் கொம்பிலிருந்து குளம்பு வரை வருணித்தாள். மார்க்கஸின் கொட்டகையில் காளை மட்டுமல்ல, அதன் மணியும் கயிறும்கூடக் கிடைத்தன என்றாள். மறுக்கக் கூடாது என்பதால் பஷீர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த மார்க்கஸ் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரியுமுங்களா? தன்ற சொந்த மகள் கல்யாணத்துக்கு, உசுருக்கு உசுரான சிநேகிதன நேர்ல போய்க் கூப்பிடாம, ஓலையக் குடுத்து அடிமைய அனுப்புன ஆளு!"

என்னையறியாமல் பாட்டிலின் ஓட்டையை விரலால் அடைத்திருந்தேன். ரோமாபுரியில் நேரம் நின்றது.

"நல்ல பாயிண்ட்!" என்றாள் சுகன்யா, ஒன்றும் அறியாமல். "இதையும் மறுக்க முடியாது. வக்கீல் பேசலாம்."

பஷீர் எழுந்தார். நழுவிய வேட்டியைத் தோளில் ஏற்றினார். நான் விரலை எடுத்தேன்.

"ஆமாங்க. ஆள அனுப்பித்தான் கூப்பிட்டான்" என்றார். "அது தப்புன்னு நானே ஒத்துக்கறேன்."

ஜூரிகள் திகைத்தார்கள். வக்கீலே இப்படிச் சொன்னால்!

"ஆனா அந்த வருசம் அவன் ஊட்டுல யாரு இருந்தா? பந்தலுக்குக் கம்பு வெட்டறதும் அவன். அரிசி சுமக்கறதும் அவன். ஆத்தா இல்லாத பொண்ணு, கல்யாணச் சீலையக் கையில வெச்சுட்டு அழுதா, அவளத் தேத்தறதும் அவன்தான். அவனுக்கு ஊர் ஊராப் போகறதுக்கு ஏதுங்க நேரம்?" அவர் குரல் வியாபாரக் குரலாக இல்லை. "அப்பேர்ப்பட்ட ஊட்டுக்கு, கூப்பிடாமயே மொத ஆளாப் போயி நின்னிருக்கோணும் ஒருத்தன். அழைப்பு எப்படி வந்துச்சுன்னு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ஊட்டுலயே உக்காந்திருந்தானே அந்தச் சிநேகிதன், அவனத்தானுங்க இங்க கூண்டுல நிறுத்தோணும்."

தண்ணீர் தீர்ந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

"வக்கீலு சொல்றது தப்புங்க" என்றார் மார்க்கஸ்.

"மறுக்கக் கூடாதுங்க..." என்று ஆரம்பித்தாள் சுகன்யா.

"நேரமெல்லாம் இருந்துச்சுங்க, அம்மணி." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "என்ற ஊட்டுக்காரி இருந்தப்ப ரெண்டு பேருமாப் போய்த்தான் அழைப்புத் தட்டு வெப்போம். ஒத்தையாளாத் தட்டெடுக்கக் கூடாதுன்னாங்க. மத்த ஊட்டுக்கெல்லாம் என்ற தம்பியும் அவன் சம்சாரமும் போனாங்க. இவரு ஊட்டுக்கு மட்டும் தம்பிய அனுப்ப மனசு வரல. நானே போறேன்னு ரெண்டு தடவ பஸ் ஏறி வந்தேன். கடைக்கு எதுத்தாப்புல நின்னேன். அவ இல்லாம அந்தப் படி ஏற முடியலீங்க. திரும்பி வந்து, படத்த அனுப்பிப்போட்டேன்."

தபால்காரர் ஆறுமுகம்தான் மெதுவாகக் கேட்டார். "ரோமாபுரில ஏதுங்க பஸ்ஸு?"

சுகன்யா மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. "அவர் சொல்லிட்டாரில்ல? அப்ப இருந்துச்சு" என்றாள்.

முதலில் சிரித்தது லட்சுமியக்கா. அப்புறம் எல்லோரும். சின்னண்ணன் தாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பஷீர் வேட்டி நுனியில் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரித்தாரா என்று சொல்ல முடியாது.

தண்டனை

விடுதலைக்குக் காப்பிக் கொட்டை, குற்றத்துக்கு மிளகு என்று ஜூரிகள் செம்பில் போட்டார்கள். கவிழ்த்தால் அத்தனையும் மிளகு. என்னதான் அழுதாலும், காளை கொட்டகையில்தானே இருந்தது என்றார் முபாரக். பஷீருக்கு வந்த கோபம்! "இத்தன பேசியும் மனசு எறங்கலீங்களா உங்களுக்கு?" என்று ஜூரிகளோடு மல்லுக்கு நின்றார்.

தண்டனை, நாடு கடத்தல். பொழுது சாய்வதற்குள் மார்க்கஸ் ரோமை விட்டுப் போய்விட வேண்டும்.

"கடைசி பஸ்ஸு இருக்குதுங்க, போயிர்றேன்" என்று குடையை எடுத்தார் சின்னண்ணன்.

"பஸ்ஸுல எதுக்குப் போறீங்க சின்னண்ணா? இருங்க, நான் வண்டி எடுக்கறேன்" என்றார் பஷீர். சுற்றிய வேட்டியை அவிழ்க்கக்கூட இல்லை. இரண்டு பேரும் ஒரே குடையில் இறங்கிப் போனார்கள்.

"வேணும்னே பண்ணுனியா?" என்று ரோஸ்லினைக் கேட்டேன். "எனக்குக் குடுத்த வேசத்த நான் பண்ணுனேன், அவ்வளவுதானக்கா" என்று மிச்சக் கடலையை மடியில் கட்டிக்கொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பஷீர் திரும்பி வந்தார். மேலெல்லாம் அடுப்புப் புகை வாசனை. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. "செல்வி மாசமா இருக்கறா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருடம், வெயில் ஏறி, கடையில் கூட்டம் நெரிகிற ஒரு காலை. சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் பஷீர் சால்வை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சின்னண்ணன் சாலையைக் கடந்து வருவதை நான்தான் முதலில் பார்த்தேன். புது வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு கையிலும் ஏந்திய தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. கூட யாரும் இல்லை.

படி ஏறி வந்து எங்கள் முன்னால் நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "புரிஞ்சுதுங்கண்ணா, வந்தர்றோம்" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். பஷீர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சொல்லுங்க சின்னண்ணா" என்றார். சால்வையைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றார்.

"பேத்திக்குக் காது குத்து வெச்சிருக்கறமுங்க." நிறுத்தினார். மூச்சு வாங்கினார். "நீங்களும் தங்கச்சியும் வந்து நடத்திக் குடுக்கோணும்."

முந்தானையை விரித்துத் தட்டை நான் வாங்கிக்கொண்டேன். உட்காருங்கள், டீ சொல்கிறேன் என்றார் பஷீர். சின்னண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார்.

"இல்லீங்க, மஞ்சக்குட்டைக்குப் போற பஸ்ஸு கெளம்பீரும். அங்க இன்னும் நாலு ஊடு இருக்குது. நானேதான் போகோணும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.